சமாதானம் கிடைத்த வீடு

ஒஸ்லோவில் வோலரெங்கா என்ற பகுதியில் ஒரு கதவு இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். கடும் பச்சை நிறம். மேலே இரண்டு கண்ணாடி, கீழே இரண்டு பலகைச் சதுரம். இந்த வருடம் அந்தக் கதவின் சுகநலம் விசாரிக்க எத்தனையோ பேர் வந்து போனார்கள், படம் எடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள். அதே வருடம் அந்தக் கதவைச் செய்த மனிதர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கிடந்து தண்ணீர் கேட்டார். அவர் கேட்பது தண்ணீர் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

கதவைச் செய்தவர் அல்பிரட் அண்ணை. அவருடைய மனைவி அனஸ்ரேசியா அக்கா. இது அக்காவின் கதை.

நானும் அக்காவும் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடம் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள். ஒரு விரிப்பை இரண்டு பேர் பிடித்து மடிக்கும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அத்தனை வருடத்தில் அந்த முகம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மேற்பார்வைக்காரி அவருடைய விடுமுறையை வேறு ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பார். ட்ராமில் யாராவது அவருடைய காலை மிதித்தால் மிதித்தவரிடம் அக்காதான் மன்னிப்புக் கேட்பார். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி, எனக்கு வாய் நீளம். அக்கா மன்னார் பேசாலைக் கத்தோலிக்கர், அவருக்கு வாயே இல்லை. இருவருக்கும் சேர்த்து நானே சண்டை பிடிப்பேன்.

தொண்ணூற்று மூன்றில் அவர்கள் வோலரெங்காவில் அந்த மரவீட்டின் கீழ்த்தளத்தை வாங்கினார்கள். நான்கு குடித்தனங்கள் உள்ள வீடு. நூற்று முப்பது வருடப் பழமை என்று இன்றைக்குப் பெருமையடிக்கிறார்கள். அன்றைக்கு எந்த நோர்வேக்காரரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் சுவரின் உட்பக்கத்திலேயே பனி பிடிக்கும். நான் முதன்முதலில் போனபோது அக்கா சப்பாத்தும் தொப்பியும் போட்டபடி அடுப்படியில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அல்பிரட் அண்ணை ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, உக்கிய பலகையை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுவார். அந்த வீடு இன்றைக்கு நிமிர்ந்து நிற்பதற்கு யாருடைய முதுகு வளைந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூற்று ஆறில் அவர்களுடைய வாசற்கதவு நிலையோடு சேர்ந்து உக்கிக் கழன்று வந்தது. அண்ணை வீட்டு நிருவாகக் குழுவிடம் சொன்னார். உங்கள் கதவு, நீங்களே பாருங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு, இலையுதிர்கால விடுமுறைக் கிழமை முழுவதும் மரவேலை அறையில் நின்று கதவையும் நிலையையும் செய்தார். எதிர்வீட்டுப் பழைய கதவைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரிச் செய்தார். பழைய வீட்டுக்குப் பழைய மாதிரிக் கதவுதான் வடிவு என்றார். முன்பிருந்த திறப்பு இன்னும் அகலமானது. குளிர் அடிக்கிறது என்பதற்காக இரண்டு பக்கமும் மரம் வைத்து ஒடுக்கி, அறுபத்தொன்பது சென்றிமீற்றரில் நிலையைப் பொருத்தினார். அவருடைய ரசனையும் முன்யோசனையும் பின்னால் அவருடைய கழுத்தையே பிடிக்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. நோர்வேத் தொலைக்காட்சியில் எங்கள் நாட்டின் பெயர் அடிக்கடி அடிபட்ட காலம். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த மொழியில் சமாதானத்துக்கு ‘ஃபிரேட்’ என்பார்கள். கடையில் பால் கேட்கத் தெரியாத எங்கள் ஆட்களுக்கும் அந்தச் சொல் தெரியும். செய்தியில் ‘ஃபிரேட்’ என்று கேட்டால் கையில் இருக்கிற கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்போம். அந்த வருடம்தான் வீட்டின் வருடாந்தக் கூட்டத்தில் அப்போதைய தலைவர் எழுந்து, நம் வீடு ‘ஃபிரேடெட்’ ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். சட்டத்தால் காக்கப்படும் பழங்கட்டடம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அதிகாரிகளைக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூட மாற்ற முடியாது.

அல்பிரட் அண்ணைக்கு இது எங்கே தெரியும்? முன்னுக்கு ‘ஃபிரேட்’ இருக்கிறது, பின்னுக்கு ஏதோ ஒட்டியிருக்கிறது. சமாதானம் செய்யப்பட்டது என்று பொருள் எடுத்துக்கொண்டார். மேல்வீட்டுக்காரரும் பக்கத்துக் குடித்தனக்காரரும் குப்பைத் தொட்டி வைக்கும் இடத்துக்காக இரண்டு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அந்தச் சண்டையை முடிக்கத்தான் வாக்கெடுப்பு என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினார்.

சில மாதங்களில் முடிவுக் கடிதம் வந்தது. அவர் பாதாம் மாவில் செய்கிற மாசிப்பான் கேக் ஒன்று வாங்கி, நான்கு குடித்தனத்துக்கும் வெட்டிக் கொடுத்தார். மிச்சத்தைத் தமிழ்ப் பூசைக்குக் கொண்டுபோய்க் கத்தோலிக்கக் கோயில் வாசலில் கொடுத்தார். வீட்டுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது, அடுத்தது நாட்டுக்குத்தான் என்றார். கேக்குக்காகவே கோயிலுக்குப் போன சைவக்காரி நானும் ஒரு துண்டு தின்றேன். அயலவர்கள் கேக்கைத் தின்றார்கள், சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள். ஒருவராவது, அல்பிரட், இந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு என்று வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவர்களுடைய மகள் சோஃபி பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொன்னபோதுதான் அவருக்கே தெரிந்தது. எங்கள் ஆட்களிடம் அதற்குள் சமாதான வீடு என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் எத்தனையோ தரம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நாட்டுச் சமாதானம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு மட்டும் கிடைத்தது.

இந்த வருடம் பெப்ரவரியில் அல்பிரட் அண்ணைக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. தமிழ் மட்டும்தான் திரும்பியது. முப்பத்தைந்து வருடம் பேசிய நோர்வே மொழி துடைத்து எடுத்தாற்போல் போய்விட்டது. பிற்பாடு படித்த மொழி இப்படிப் போவதுண்டு என்று மருத்துவர் சாதாரணமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தற்காலிகமாக நகரத்தின் மறுபக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

அக்கா தினமும் வேலை முடிந்து அங்கே போவார். மே மாதம் ஒரு நாள், அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி மிகவும் அன்பாக அக்காவின் தோளைத் தொட்டு, உங்கள் கணவர் எந்நேரமும் தன்னி, தன்னி என்று கூப்பிடுகிறார், அது உங்கள் மகளா என்று கேட்டாளாம். குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்தார்கள். மதியத்தில் மூன்று தரம் தன்னியைக் கூப்பிட்டார், ஏக்கமாக இருக்கிறார், கையைப் பிடித்து ஆறுதல்படுத்தினோம்.

கையைப் பிடித்தார்களாம். மேசையில், அவருடைய கை எட்டாத இடத்தில், ஒரு சாடி நிறையத் தண்ணீர் இருந்திருக்கிறது.

அக்கா அதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. ஒரு தாளில் தண்ணி, பசி, நோகுது, குளிருது என்று நோர்வே எழுத்தில் எழுதி, அர்த்தத்தையும் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். வேலையாட்கள் நாளுக்கு நாள் மாறுகிறார்கள், யார் அதைப் படிக்கிறார்கள்? இரண்டாவது கிழமை சுவரைத் துடைக்க வந்தவர் தாளை எடுத்துவிட்டார். அக்கா இன்னொன்று எழுதி ஒட்டினார்.

வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றே வழி. நகரசபையிலிருந்து வந்த பெண் அதற்கு ஒத்துக்கொண்டாள். தாதிமார் நாளுக்கு நான்கு தரம் வீட்டுக்கு வருவார்கள், கட்டில் தருவார்கள், அக்கா வேலையை விட்டு நிற்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, சக்கர நாற்காலி வாசலால் உள்ளே போக வேண்டும். அண்ணை பெரிய உடம்புக்காரர், ஒரு பக்கம் சரிகிறவர். அவரைத் தாங்குகிற நாற்காலியின் அகலம் எழுபத்து மூன்று. ஒடுங்கிய நாற்காலி அவருக்குச் சரிவராது என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். வேறு வாசலும் இல்லை. சோஃபி மூன்று தரம் அளந்தாள், மூன்று தரமும் அறுபத்தொன்பது. தற்காலிக இடம் செப்ரெம்பர் கடைசி வரைக்கும்தான். அதற்குள் வீடு தயாராகாவிட்டால் ஒக்ரோபர் முதலாம் திகதி அவருக்கு அங்கேயே நிரந்தர இடம். ஆயுள் முழுக்கத் தன்னி, தன்னி.

அக்கா என் முன்னால் இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

“நாலு சென்றிமீற்றர் குமாரி. இவ்வளவுதான்.”

இந்த இடத்தில் ஹோகன் வருகிறார். ஏழு வருடத்துக்கு முன் மேல்தளத்துக்கு வந்தவர், இப்போது நிருவாகக் குழுவின் தலைவர். நல்ல மனிதர். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவன் என்றால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். இவர் அக்காவுக்கு வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பார், அண்ணையின் சுகம் கேட்டுக் கண் கலங்குவார். வீட்டைத் தன் பிள்ளையைப்போல் பார்ப்பார். கோடையில் ஆட்களைக் கூட்டிவந்து சுற்றிக் காட்டுவார். எங்கள் பச்சைக் கதவின் முன்னால் நின்று, அந்தக் காலத்துத் தச்சர்களின் கையைப் பாருங்கள் என்று விளக்கம் சொல்வார். அந்தக் காலத்துத் தச்சர் உள்ளே இருந்து காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சோஃபி குழுவுக்குக் கடிதம் எழுதினாள். ஹோகனின் பதில் இரண்டு பக்கம். மிகவும் வருந்துகிறோம், கதவும் நிலையும் வீட்டோடு பிறந்தவை, வீடு ‘ஃபிரேடெட்’, எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அக்கா மேலே ஏறிப்போய், இது என் கணவர் செய்த கதவு என்று சொன்னார். ஹோகன் சிரித்தாராம். உங்கள் கணவர் கைத்தொழில் தெரிந்தவர், திருத்தி வர்ணம் அடித்திருப்பார், இந்த மாதிரிச் சித்திர வேலையை இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்றாராம். பிறகு ஆலோசனையும் சொன்னார். நகரத்துக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் லிஃப்ட் வைத்த புதுக் குடியிருப்புகள் இருக்கின்றன, உங்களுக்கு அதுதான் வசதி. பண்பானவர்கள் ஒருவரை வெளியே தள்ளுவது இப்படித்தான். உக்கிய வீட்டை முப்பது வருடம் தூக்கி நிறுத்தியவருக்கு ஸ்ட்ரோம்மன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

என் பிழையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோஃபி அப்போதே பழங்கட்டடங்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன் என்றாள். வேண்டாம், ஹோகன் நல்ல மனிதர், கொஞ்சம் பொறுத்தால் மனம் மாறுவார், அயலோடு எழுத்தில் மோதக் கூடாது என்று தடுத்தவள் நான். எல்லாரோடும் சண்டை பிடிக்கிற நான் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன். அதில் யூனும் யூலையும் போய்விட்டன. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

ஓகஸ்டில் சோஃபி எழுதினாள். செப்ரெம்பர் பதினோராம் திகதி காலை ஒருவர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. முதல் நாள் நானும் அக்காவும் அண்ணையிடம் போனோம். கதவு அவர் செய்தது என்பதற்கு எங்களிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடமே மூடியாயிற்று. அக்கா அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்.

“இஞ்சாருங்கோ, வாசல் கதவிலை எங்கையாவது பேர் கீர் எழுதினனீங்களோ?”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். சொல் வருவதற்கு அவ்வளவு பாடு. பிறகு இடக்கையால் கீழே காட்டி, “கீழை” என்றார். அவ்வளவுதான் வந்தது.

அடுத்த நாள் காலை அக்கா பூசைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அலுவலகத்திலிருந்து வந்தவள் சோஃபியின் வயதுப் பெண், கையில் டோர்ச்சும் அளவு நாடாவும். ஹோகன் ஒரு கோப்போடு இறங்கி வந்தார். அவள் கதவைத் தடவினாள், கண்ணாடி பதித்த விதத்தைப் பார்த்தாள், பிணைச்சலுக்கு வெளிச்சம் அடித்தாள். பழையதுபோல் இருக்கிறது, புதியதாகவும் இருக்கலாம், வர்ணத்தின் மேலிருந்து சொல்வது கடினம் என்றாள். ஹோகன் தலையை ஆட்டினார்.

அப்போது அக்கா, கதவைக் கழற்றிப் பார்ப்போம் என்றார். ஹோகன் பதறிவிட்டார். நூற்று முப்பது வருடக் கதவு, பிணைச்சல் தாங்காது, உரிய ஆட்கள் வர வேண்டும் என்றார். அக்கா அதைக் காதில் போடவே இல்லை. என்னைப் பார்த்தார். கதவின் ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான் பிடித்தேன். விரிப்பு மடிக்கும்போது எப்படி முகத்தைப் பார்த்துக்கொள்வோமோ அப்படிப் பார்த்துக்கொண்டோம். ஒரு சொல் பேசாமல் ஒரே நேரத்தில் தூக்கினோம். கதவு பிணைச்சல் முளையிலிருந்து மேலே கழன்று வந்தது. மெதுவாகத் தரையில் கிடத்தினோம்.

கதவின் அடிவிளிம்புக்கு யாரும் வர்ணம் அடிப்பதில்லை. வெறும் மரம். அதில் தச்சர் பென்சிலால், இருபத்தொன்பது வருடமாக யாரும் பார்க்காத எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது. அக்கா முழங்காலில் இருந்து உரத்து வாசித்தார்.

“பி. அல்பிரட், பேசாலை. மூண்டு, பத்து, தொண்ணூற்றாறு. சூசையப்பரே, இதாலை போறவை எல்லாரும் திரும்பி வரவேணும்.”

சூசையப்பர் தச்சர்களுக்குப் பாதுகாவலர். அண்ணை தன் பெயரைவிட அந்த மன்றாட்டைத்தான் பெரிதாக எழுதியிருந்தார். நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றும் இல்லை. சோஃபி அதை நோர்வே மொழியில் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கதவு பழையதல்ல, யார் செய்தது என்றும் தெரிந்துவிட்டது, இனி யார் தடுக்கப் போகிறார்கள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பெண் தரையில் இருந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. இது பழைய கதவாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பெறுமதி இல்லை என்றாள். இந்த நகரத்தின் கட்டடங்களில் வந்து குடியேறியவர்களின் கைத்தடம் இப்படிக் கிடைப்பது எவ்வளவு அரிது, இதை இருக்கிற இடத்திலேயே, இருக்கிறபடியே காப்பாற்றச் சொல்லி எழுதுவேன் என்றாள். ஹோகன் கண்ணைத் துடைத்தார். தன் தவறுக்கு மன்னிப்புக் கேட்டார். கதவுக்குப் பக்கத்தில் அல்பிரட்டின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் போடுவோம் என்றார். இனித்தான் இதில் கைவைக்கவே கூடாது என்றார்.

அக்கா எழுந்து நின்றார். சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். நோர்வே மொழியில் தொடங்கினார், இரண்டு சொல்லோடு அதை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார்.

“பேர் போடப் போறியளோ? ஆரின்ரை பேரை? அந்த மனிசன் அங்கை தண்ணி தண்ணி எண்டு கேக்குது. தண்ணி எண்டால் ஒரு பொம்பிளையின்ரை பேர் எண்டு எழுதி வைச்சிருக்கினம். அவர் எழுதினதைக் கும்பிட்டுக்கொண்டு படம் எடுக்கிறியள், அவரை உள்ளை விடமாட்டியள். நான் ஒருத்தரையும் ஏசினதில்லை. இண்டைக்கு ஏசிறன். நீங்கள் மனிசர் இல்லை. இது உங்கடை பழைய கதவும் இல்லை, என்ரை மனிசன்ரை கதவு. அவர் வீட்டை வருமட்டும் இது இந்த நிலையிலை ஏறாது.”

சோஃபி ஒன்றையும் மெழுகவில்லை. ஏசலையும் சேர்த்து அப்படியே மொழிபெயர்த்தாள்.

ஹோகனுக்கு முகம் காது வரைக்கும் சிவந்தது. அந்தப் பெண் கமராவைப் பைக்குள் வைத்தாள். சத்தம் போடாமல் நிலையின் பக்கம் போய், இடுக்குக்குள் டோர்ச் அடித்து, நாடாவை விட்டு அளந்தாள். இரண்டு பக்கமும் பிறகு வைத்த மரம் இருக்கிறது, அதற்குப் பின்னால் பழைய தூண்கள் அப்படியே நிற்கின்றன என்றாள். வீடு கட்டும்போது இருந்த திறப்பு எண்பத்தெட்டு சென்றிமீற்றர். அல்பிரட் வைத்த மரத்தை எடுத்தால் வீடு தன் பழைய வாசலுக்கே திரும்பும், அதை மறுக்க நியாயம் இல்லை என்றாள். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் விண்ணப்பம் போட வேண்டும், அனுமதி கையில் கிடைக்கப் பன்னிரண்டு கிழமை வரை ஆகலாம், தன்னால் அதைக் குறைக்க முடியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பன்னிரண்டு கிழமை என்றால் டிசம்பர். அண்ணைக்கு இருந்தது இருபது நாள்.

அன்றைக்கே சோஃபி அந்த விண்ணப்பத்தை, அவள் சொல்வதுபோல் ‘சொக்னாட்’டை, அனுப்பினாள். கதவு உள்ளே சுவரில் சாய்ந்து நின்றது. வாசலில் முதலில் ஒரு கம்பளியும் பிறகு ஒட்டுப்பலகையும் நின்றன. நகரசபைக்கு ரெலிபோன் எடுத்தோம், பராமரிப்பு இல்லத்துக்கு எடுத்தோம், இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாக வைத்திருக்கச் சொல்லிக் கேட்டோம். எல்லாரும் எங்களுக்காக வருந்தினார்கள். இந்த ஊரில் வருந்துவதற்கு ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பின் வந்த இரண்டாவது சனிக்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“குமாரி, வேலைக்குப் போடுற உடுப்போடை வா.”

நான் இருக்கிற மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ரயில் எடுத்துப் போனேன். அண்ணையின் சாமான் பெட்டி திறந்து கிடந்தது. மூன்று பெண்கள், ஒரு சுத்தியல், ஆணி பிடுங்கும் இரும்பு, ஒரு வாள். அல்பிரட் அண்ணையின் வேலைத் திறமையை நான் அன்றுதான் சபித்தேன். ஒரு ஆணி போதும் என்ற இடத்தில் மூன்று திருகாணி போட்டிருந்தார், அதையும் நாலு விரல் நீளத்தில். கையெல்லாம் கொப்பளம். பத்து மணியளவில் ஹோகன் படியில் இறங்கி வந்து, இது சட்டவிரோதம், காக்கப்பட்ட கட்டடத்தில் நீங்கள் செய்வது குற்றம் என்று மெல்லிய குரலில் சொன்னார். அக்கா திரும்பிப் பார்க்காமல் “ஓம்” என்று ஒத்துக்கொண்டார். அவருக்கு விளங்கும் மொழியில்கூடச் சொல்லவில்லை. பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசி மரம் கழன்றது. பின்னால் பழைய தூண்கள் கறுத்துப்போய், ஆனால் உறுதியாக நின்றன. சோஃபி நாடாவை வைத்தாள். எண்பத்தெட்டு.

பழைய சாமான் விற்கும் இடத்தில் சோஃபி ஒரு அகலமான வெள்ளைக் கதவு எடுத்து, தன் நண்பனைக் கொண்டு பொருத்தினாள். பார்க்கச் சகிக்காது. ஆனால் திறக்கும், மூடும்.

செப்ரெம்பர் முப்பதாம் திகதி மதியம் அல்பிரட் அண்ணையை வாகனத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒற்றைக் கல்படிக்கு மேல் இரும்புப் பலகை வைத்து நாற்காலியைத் தள்ளினார்கள். இரண்டு பக்கமும் கையை நுழைக்க இடம் இருந்தது. உள்ளே போகும்போது அண்ணை இடக்கையால் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கதவு?” என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்று அக்கா காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அவர் படுத்தபடி பார்க்கக்கூடிய இடத்தில், அதைச் சாய்த்து வைத்திருந்தோம்.

அன்றைய தபாலில் குழுவின் கடிதம் வந்தது. சோஃபி வாசித்தாள். அனுமதியின்றிச் செய்த மாற்றம், அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறோம், மூன்று கிழமைக்குள் கதவையும் நிலையையும் முன்பிருந்தபடி வைக்கவும். ‘ஃபிரேடெட்’ என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வந்தது, நான் எண்ணினேன். கீழே ஹோகனின் கையெழுத்து. அதற்குக் கீழே அல்பிரட்டுக்குத் தன் அன்பான வாழ்த்தைச் சொல்லும்படி பேனையால் எழுதியிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். ஏழு வருடத்துக்கும் சேர்த்துச் சொல்ல என்னிடம் இருந்தது. அதற்குள் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது.

“தண்ணி.”

அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தார். தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். கிளாசை வைக்க இடம் தேடி, சோஃபி மேசையில் போட்டிருந்த கடிதத்தின் மேல் வைத்தார். ஈரம் தாளில் வட்டமாக ஊறியது. அதை ஒருவரும் எடுக்கவில்லை.

இன்னும் வேணுமோ என்று அக்கா கேட்டார். ஓம் என்றார் அண்ணை.